நகரமன்றம் கட்டிவைத்த புருஷன்

மோரீன் ஸ்கெல்டனுக்கு ஐம்பத்து நாலு வயதில் புருஷன் கிடைத்தான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தொலைபேசி வழியாக. பார்த்துக் கட்டிவைத்தது ஹேவர்பி நகரமன்றத்தின் வாடகை உதவிப் பிரிவு. பெண்ணைக் கேட்கவில்லை. மாப்பிள்ளையையும் கேட்கவில்லை.

அதுவரை அவள் ஒண்டிக்கட்டை. துறைமுகத்துக்குப் பின்னால் ஒட்டி ஒட்டி நிற்கும் செங்கல் வீடுகளில் ஒன்றில் பத்தொன்பது வருஷமாகக் குடியிருந்தாள். வீடு பாக்லிங்டனுடையது. பதினாறு வயதில் மீன் ஆலைக்குள் போனவள். ஐஸ் தண்ணீரில் ஹேடக் மீனைக் கீறிக் கீறி விரல்கள் மரத்துப்போய், கத்தி எது விரல் எது என்று கைக்கே தெரியாமல் போன பிறகு ஆலை அவளைக் கேக் வெட்டி வழியனுப்பியது. அந்தக் கேக்கையும் அவளைத்தான் வெட்டச் சொன்னார்கள். அன்றிலிருந்து அவள் வாடகையை நகரமன்றம் கட்டியது. உதவி அவள் பெயரில் கிளம்பும். பாக்லிங்டன் கையில் போய் இறங்கும். இதற்கு ஏழைகளுக்கு உதவி என்று பெயர்.

பக்கத்து வீடு கிளைவ் ஹெப்பிளுடையது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு முட்டையை வேகவைக்கத் தெரியாமல் வாணலி வாணலியாகக் கரித்துத் தூக்கிப் போட்டவன். மோரீனுக்கோ ஒரு ஆளுக்கு மட்டும் சமைக்க வராது. வீட்டில் அம்மா, ஆறு அண்ணன் தம்பிகள் என்று அண்டா அண்டாவாக உருளைக்கிழங்கு மசித்த கை. ஆகவே கிளைவ் ஐந்து மணிக்கு வருவான், சாப்பிடுவான், பாத்திரத்தைக் கழுவிவைப்பான், கூரையில் ஒழுகினால் அடைப்பான், போய்விடுவான். இவ்வளவுதான் விஷயம்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஹேவர்பியில் மத்தியானச் சாப்பாட்டுக்கு டின்னர் என்று பெயர். சாயங்காலம் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடும் சாப்பாட்டுக்கு டீ என்று பெயர். படுக்கப் போகுமுன் கடிக்கிற பிஸ்கட்டுக்கு சப்பர் என்று பெயர். பால்குடிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும். ஆனால் வாடகை உதவிப் பிரிவின் மேற்பார்வையாளர் ஜூலியன் ஃபேர்வெதர் தெற்கிலிருந்து மாற்றலாகி வந்தவர். அங்கே மத்தியானம் சாப்பிடுவது லஞ்ச், இரவு சாப்பிடுவது டின்னர். டீ என்பது குடிப்பது.

செவ்வாய்க்கிழமை காலையில் அவர்தான் பேசினார். வருஷா வருஷம் நடக்கிற மறுபரிசீலனை.

"உங்க வீட்டுக்கு வழக்கமா யாராவது வர்றாங்களா மேடம்?"

"எனக்கு யாரு வர்றா தம்பி? பக்கத்து வீட்டு கிளைவ் வருவான். டீக்கு."

"டீக்கு. எவ்வளவு நேரம் இருப்பார்?"

"ஒரு ஒண்ணரை மணி நேரம் ஆவும். பல்லு செட்டு பாரு, மெதுவாத்தான் திம்பான்."



"டீய… திம்பாரா?"

"பின்ன குடிப்பானா?"

"தினமுமா?"

"ஞாயித்துக்கெழம வர மாட்டான். அன்னிக்கு டின்னருக்கே வந்துருவான்."

ஃபேர்வெதர் ஏதோ எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. ஞாயிறு இரவு ஒருவன் வீட்டுக்கு வருகிறான் என்பது அவருக்குப் புரிந்தது. புரிந்ததைப் பத்திரமாகக் குறித்துக்கொண்டார்.

"எப்போ கிளம்புவார்?"

"மழை ஜாஸ்தியா இருந்தா சப்பருக்கும் இருந்துட்டுப் போவான். வயசானவன், வெரட்ட முடியுமா?"

"புரியுது மேடம்," என்றார் ஃபேர்வெதர், மிக மென்மையாக. அதிகாரிகள் மென்மையாகப் பேசினால் பயப்பட வேண்டும் என்று மோரீனுக்குத் தெரியாது. மீன் ஆலை ஃபோர்மேன்கள் எல்லோரும் கத்துகிறவர்கள்.

அடுத்த வாரம் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். வாசல் மேஜையில் இருந்த பெண் உள்ளூர்க்காரி. "வா கண்ணு, உக்காரு. உங்கதையத்தான் மூணு நாளா மேல பேசிக்கிட்டு இருக்காங்க. டீன்னா என்னன்னு கண்டுபிடிக்கக் கூட்டம் போட்டாங்க. கூட்டத்துல டீ குடுத்தாங்க, அப்புறமும் வெளங்கல," என்றாள்.

ஃபேர்வெதர் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவருடைய மேஜைக்குப் பின்னால் சுவரில் ஒரு வாசகம்: *உங்கள் வீடு எங்கள் அக்கறை.*

"மிஸஸ் ஸ்கெல்டன்—"

"மிஸ்."

"அதத்தானே தீர்மானிக்கப் போறோம்." அவர் புன்னகை செய்தார். "முதல்ல ஒரு சின்ன சந்தேகம். ஒரு நாளைக்கு நீங்க எத்தன தடவ சாப்பிடறீங்க?"

"எல்லாரையும் போலத்தான். காலைல, அப்புறம் டின்னரு, அப்புறம் டீ. ராத்திரி எதுனா சப்பரு."

"டின்னர் நைட்டுதானே?"

"டின்னர் மத்தியானம் தம்பி."

"மத்தியானம் லஞ்ச். ஆக லஞ்ச் ஒண்ணு, டின்னர் ஒண்ணு, டீ ஒண்ணு, சப்பர் ஒண்ணு, காலை உணவு வேற. அஞ்சு வேளை." அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இந்த உதவித்தொகைல ஒரு ஒண்டியான பெண்மணி அஞ்சு வேளை சாப்பிட முடியாது மேடம். நான் மேற்பார்வையாளர், நானே மூணு வேளைதான். அப்போ இன்னொரு வருமானம் வீட்டுக்குள்ள வருது."

"லஞ்சுன்னு நான் எங்கய்யா சொன்னேன்?"

"சொல்லாம விட்டதையும் நாங்கதான் கண்டுபிடிச்சு சேர்க்கணும். அது எங்க கடமை."

மோரீன் வாயைத் திறந்தாள். அவர் கையை உயர்த்தினார்.

"தப்பா நினைக்காதீங்க. இந்தப் பிரிவு இருக்கறதே மக்களுக்கு உதவறதுக்காகத்தான். அத நாங்க ரொம்ப ஜாக்கிரதையா செய்யறோம். போன வருஷம் மட்டும் எத்தனையோ குடும்பங்களுக்கு ரொம்ப ஜாக்கிரதையா உதவாம இருந்திருக்கோம். அதுக்காக எங்களுக்குப் பாராட்டுக் கேடயம்கூட கிடைச்சுது. மன்றத்துக்கு உங்க படுக்கையறைல எந்த ஆர்வமும் கிடையாது. அதுல எத்தன தலையணை இருக்கு, அத மட்டும் நேர்ல வந்து பார்த்துட்டுப் போயிடுவோம்."

வந்தார். ஒரு வியாழக்கிழமை, அளவு நாடாவுடன்.

படுக்கையறையில் தலையணை இரண்டு இருந்தது. "கழுத்து வலி," என்றாள் மோரீன். ஃபேர்வெதர் குறித்துக்கொண்டார். முன்னறையில் நாற்காலி இரண்டு. "கடைல ஜோடியாத்தான் குடுத்தான்." குறித்துக்கொண்டார். குளியலறைக்குள் போனவர் வெகு நேரம் வெளியே வரவில்லை. கடைசியில் கண்ணாடி டம்ளரைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார்.

"பல்துலக்கற பிரஷ் ஒண்ணுதான் இருக்கு."

"நான் ஒருத்திதானே இருக்கேன்."

"நாங்க வர்றோம்னு உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். வீட்டுல ஒரே ஒரு பிரஷ். இவ்வளவு சுத்தமா ஒண்ணு மட்டும் இருக்குன்னா, இன்னொண்ண எங்கயோ வச்சிருக்கீங்கன்னுதானே அர்த்தம்?"

"அவனுக்குப் பல்லே இல்லையேய்யா!"

"பல் இல்லைங்கறது உங்களுக்கு எப்படித் தெரியும் மேடம்? இந்த மாதிரி நெருக்கமான விஷயம்?"

மோரீன் சுவரில் சாய்ந்துகொண்டாள். அந்த நேரம் பார்த்துத்தான் மணி ஐந்தடித்தது. பின்கதவைத் திறந்துகொண்டு கிளைவ் உள்ளே வந்தான். தோட்டத்தில் லீக் என்கிற வெங்காயத்தண்டைப் பிடுங்கிவிட்டு நேரே வந்திருந்தான். பூட்ஸ் முழுக்கச் சேறு.

"யோவ்! எத்தன தடவ சொல்றது? பூட்ஸ கழட்டிட்டு வாய்யா! இப்பத்தான் தொடச்சேன்!" என்று கத்திவிட்டாள்.

"சரி புள்ள, சரி புள்ள," என்று கிளைவ் வந்த வழியே பின்னால் நடந்து போய் பூட்ஸைக் கழற்றினான்.

ஃபேர்வெதருடைய முகம் மலர்ந்தது. அவர் நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். இனி அளக்க ஒன்றுமில்லை.

"அவங்க திட்டினாங்க," என்று எழுதியபடியே சத்தமாகச் சொன்னார். "அவர் எதுத்துப் பேசல. சார், நீங்க எப்பவும் இப்படித்தானா?"

"எதுத்துப் பேசினா டீ கெடைக்காதே," என்றான் கிளைவ்.

அதையும் எழுதிக்கொண்டார்.

முடிவு பத்து நாளில் தபாலில் வந்தது. திருமதி ஹெப்பிள் என்று விலாசமிட்டிருந்தது. மோரீன் ஸ்கெல்டனும் கிளைவ் ஹெப்பிளும் ஒரு சுவரை நடுவில் வைத்துக்கொண்டு கணவன் மனைவியாக வாழ்கிறார்கள். கணவருக்கு ஓய்வூதியமும் சொந்த வீடும் இருக்கிறது. ஆகவே வாடகை உதவி இன்றோடு நிறுத்தப்படுகிறது. கீழே, மனமார்ந்த வாழ்த்துகளுடன் என்று இருந்தது. எல்லாக் கடிதத்திலும் அப்படித்தான் அச்சடித்திருப்பார்கள். ஆனாலும் அதைப் படித்தபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கல்யாணச் சாப்பாடு போடுவாங்களாமா?" என்று கேட்டான் கிளைவ். அவள் சிரிக்கவில்லை. அவனும் அதற்கு மேல் சிரிக்கவில்லை.

"இனிமே வராதே கிளைவ்," என்றாள். "நீ வர்றதாலதானே இவ்வளவும். வராம இருந்தா சரியாப் போயிரும்."

கிளைவ் வரவில்லை. முக்குக் கடையில் வறுத்த மீனும் உருளையும் வாங்கி நின்றுகொண்டே சாப்பிட்டான். மோரீன் இரண்டு ஆளுக்கு ஆக்கி ஒரு ஆளுக்குப் பரிமாறிக்கொண்டாள். பிறகு ஃபேர்வெதரிடம் போய், இப்போது யாரும் வருவதில்லை, வேண்டுமானால் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாள்.

அவர் வருத்தத்தோடு தலையசைத்தார்.

"பிரிஞ்சுட்டீங்க."

"ஆமா. இல்ல… சேரவே இல்லையே!"

"பிரியணும்னா முதல்ல சேர்ந்திருக்கணும் மேடம். இதுவரைக்கும் எங்ககிட்ட சந்தர்ப்ப சாட்சியம்தான் இருந்துச்சு. இப்போ நீங்களே வாயால ஒத்துக்கிட்டீங்க." குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்கோங்க. கோவத்துல அவர் வீட்டுக்கே குடிபோயிடாதீங்க. போன நிமிஷமே, இத்தன வருஷமும் நீங்க தம்பதின்னு ஆயிடும். வாங்கின உதவி அத்தனையும் மோசடி. கோர்ட்டு. இத நான் உங்க நல்லதுக்காகத்தான் சொல்றேன்."

"அப்ப நான் எங்கய்யா போறது?"

"அது இந்த மாடி இல்ல. வீடில்லாதவங்க பிரிவு கீழ் மாடி."

பாக்லிங்டன் இரண்டு மாதம் பொறுத்தார். நல்ல மனிதர், நோட்டீஸைக் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தார். "எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு மோரீன். ஆனா பேங்க்காரங்கிட்ட மனசக் கட்ட முடியாதே," என்றார். கிளம்பும்போது மாடிப்படியின் அகலத்தைக் கண்ணால் அளந்துவிட்டுப் போனார்.

அவள் நோட்டீஸோடு கீழ் மாடிக்குப் போனாள். அங்கே இருந்தது கிளெண்டா ஓக்ஸ். தடித்த, அன்பான பெண்மணி. எடுத்தவுடனே கையைப் பிடித்துக்கொள்வாள்.

"ஐயோ கண்ணு, உனக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியாது. நீ இன்னும் வீட்டுலதானே இருக்கே."

"வெளிய போன்னு சொல்லிட்டாங்கம்மா."

"சொன்னாப் போதாது. ஜப்தி ஆளுங்க வந்து சாமானத் தெருவுல எடுத்து வைக்கணும். அதுவரைக்கும் நீ வீடு உள்ளவ. நீயா முன்னாடியே காலி பண்ணினா, வேணும்னே வீட்ட விட்டவன்னு எழுதிருவோம், அப்புறம் நாய்க்கூண்டுகூட கெடையாது. நீ பாட்டுக்கு இரு. உன்னத் தூக்கி வெளிய போட்டதும் நேரா இங்க வா, நான் பாத்துக்கறேன்."

இது அரசாங்கத்தின் ஆலோசனை. மோரீன் அப்படியே செய்தாள். மழை தூறிய ஒரு காலை, ஜப்தி ஆட்கள் வந்து அவளுடைய கட்டிலையும் ஜோடி நாற்காலிகளையும் நடைபாதையில் வைத்தார்கள். கிளைவ் தார்ப்பாய் கொண்டுவந்து மூடினான். ஜப்திக்காரர்களில் ஒருவன், "உங்க வீட்டுக்காரரா?" என்று கேட்டான். இருவரும் ஒரே குரலில், "இல்ல!" என்று கத்தினார்கள். அவன் பயந்துபோய் நகர்ந்தான்.

கிளெண்டா சொன்ன சொல் தவறவில்லை. காத்திருந்தாள். ஆனால் கணினியைப் பார்த்ததும் முகம் மாறியது.

"உனக்குப் புருஷன் இருக்கார்னு போட்டிருக்கே? சொந்த வீடு வேற! அப்போ நீ வீடில்லாதவ இல்லையே."

"அது மேல் மாடிக்காரரு குடுத்த புருஷன்."

"மேல எழுதினத கீழ அழிக்க முடியாது கண்ணு. ஒரே கட்டடம், ஒரே கணினி." கிளெண்டா யோசித்தாள். அவள் கெட்டவள் இல்லை. இண்டு இடுக்கில் வழி தேடுகிறவள். "இரு, ஒரு வழி இருக்கு. குடும்பத் தகராறுன்னு ஒரு பிரிவு இருக்கு. புருஷன் வெளிய தள்ளிட்டார்னா நான் இன்னிக்கே இடம் தந்துருவேன். அவர் ஒரு கடுதாசி எழுதித் தரணும். 'இவளை என் வீட்டில் சேர்க்க மாட்டேன்'னு. நல்லா கோவமா எழுதச் சொல்லு. மரியாதையா எழுதினா மேல திருப்பி அனுப்பிருவாங்க."

கிளைவ் தன் சமையலறை மேஜையில் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மோரீன் எதிரே நின்றாள். உள்ளே வந்து உட்கார்ந்தால் மோசடி ஆகிவிடுமோ என்று பயம். பூட்ஸைக் கழற்றாமல் கதவோரமே நின்றாள்.

"என்ன எழுத?"

"கோவமா எழுதணுமாம்."

"எனக்கு என்ன கோவம்? ஒரு தடவ கிரேவில உப்பு ஜாஸ்தி."

"அத எழுதேன்."

"அதுக்காக ஒருத்தியத் தெருவுல தள்ளினேன்னு எழுதினா, எவனாவது படிச்சா என்னப் பத்தி என்ன நெனைப்பான்?" அவன் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தான். கிரேனில் எத்தனையோ டன்னை அசையாமல் தூக்கி இறக்கிய கை. இப்போது ஒரு வரி எழுதவரவில்லை. "யோசிச்சுப் பாத்தா கேலியா இருக்கு புள்ள. வெளிய தள்றதுன்னா, அதுக்கு முன்னாடி உள்ள கூப்பிட்டிருக்கணும். அதச் செய்யல நான். பயம்."

மோரீன் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே தார்ப்பாய் காற்றில் படபடத்தது.

"எழுதுய்யா," என்றாள். "நாலு மணிக்கு ஆபீஸ மூடிருவாங்க."

எழுதினான். கெட்ட வார்த்தைகளை அவளே எடுத்துக் கொடுத்தாள். மீன் ஆலையில் கேட்டவை. இரண்டு இடத்தில் அவன் எழுத மறுத்தான். அவள் பேனாவைப் பிடுங்கித் தானே எழுதிவிட்டு, கையெழுத்தை மட்டும் அவனைப் போடச் சொன்னாள். கிளெண்டா படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். "என்ன மனுஷன்! இவன்கூட எப்படிக் குடும்பம் நடத்தினே?" என்று அவளைக் கட்டிக்கொண்டாள்.

முதலில் கடற்கரையோரம் ஒரு விடுதி அறை. காலையில் ரொட்டி கொடுப்பார்கள். பிறகு அறையைப் பூட்டிவிடுவார்கள். நாள் முழுக்க வெளியே திரிந்துவிட்டு இருட்டினதும் வரலாம். மோரீன் பேருந்து நிறுத்தங்களில் உட்கார்ந்தாள். குளிர் நாளில் நூலகத்தில் தோட்டக்கலைப் புத்தகத்தை ஒரே பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு தூங்கினாள். அறைக்கு மன்றம் தினக்கணக்கில் வாடகை கொடுத்தது. பழைய வீட்டுக்கு மாசம் பூராவும் கொடுத்தது இங்கே ஒரு வாரத்துக்குப் போதவில்லை. அது அவசர நிதி. அதைக் கேள்வி கேட்கிற மேற்பார்வையாளர் எந்த மாடியிலும் இல்லை.

குளிர்காலம் முடியும்போது கிளெண்டா நல்ல செய்தியோடு வந்தாள்.

"உனக்கு நல்ல இடமா அமைஞ்சிருக்கு கண்ணு. மன்றத்தோட புதுசா ஒப்பந்தம் போட்ட வீடு. அறை அறையாத் தடுத்து எங்களுக்காகவே கட்டியிருக்கார் ஓனர். ரொம்ப தர்ம சிந்தனை உள்ளவர்." கார் துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு பின்தெருவில் நுழைந்தது. நின்றது. வாசலில் சாவிக்கொத்தோடு பாக்லிங்டன் நின்றிருந்தார்.

மோரீன் கதவைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். "இது என் வீடு," என்றாள்.

"பாத்தீங்களா!" கிளெண்டாவின் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா மிஸ்டர் பாக்லிங்டன்! கால வைக்கறதுக்கு முன்னாடியே என் வீடுங்கறா. இந்த மனசுதான் எல்லாருக்கும் வரணும்."

பாக்லிங்டன் இருமினார். பிறகு முறைப்படி உள்ளே அழைத்துப் போய்க் காட்டினார். முன்னறை இரண்டாகத் தடுக்கப்பட்டிருந்தது. இரண்டிலும் ஆள் இருந்தார்கள். படுக்கையறையில் ஒரு குடும்பம். மோரீனுக்கு ஒதுக்கியது மாடியில் அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்த சின்ன அறை. "குளியலறை இந்தப் பக்கம்," என்றார் பாக்லிங்டன், அவள் முகத்தைப் பார்க்காமல். "அடுப்படி பூட்டியிருக்கும். வெளியாள் யாரும் வரக் கூடாது." அந்த அறைக்கு மன்றம் கொடுக்கிற வாடகை, முன்பு முழு வீட்டுக்கும் கொடுத்ததைவிட அதிகம்.

அன்று சாயங்காலம் கிளைவ் பொட்டலத்தில் மீன் வாங்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டினான். முன்னறைக்காரன் யாரென்று கேட்டான். "மோரீனோட புருஷன்," என்று கிளைவ் வாயில் வந்ததைச் சொன்னான். அடுத்த வாரம் கிளெண்டா ஓடி வந்தாள். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து மோரீனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் புருஷன் வாசல்ல வந்து நின்னாராமே! எவ்வளவு தைரியம்! அந்தக் கடுதாசி எழுதின கை— சரி விடு. இனிமே வர மாட்டார். பக்கத்துலயே குடியிருக்கார்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சு. எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியாச்சு. மறுபடியும் இந்தக் கதவத் தட்டினா போலீஸ்தான்."

"எப்ப அனுப்பினீங்க?"

"நேத்து. பயப்படாதே, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டார். ஒண்ணும் பேசலையாம்."

மோரீன் தலையாட்டினாள். கிளெண்டா ஒரு தாளில் சில கட்டங்களில் டிக் போட்டாள். வீடு கிடைத்தது, டிக். பாதுகாப்பு, டிக்.

"வேற ஏதாவது குறை இருக்கா?"

"சமையக்கட்ட எப்பவாச்சும் தொறப்பாங்களா?"

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும் கண்ணு? நான் இந்த வீட்டுக்குள்ள வர்றதே இது ரெண்டாவது தடவ." கிளெண்டா எழுந்து, மூச்சு வாங்க, அறையைச் சுற்றிப் பார்த்தாள். "உனக்கும் புதுசுதானே. பழக நாளாகும்."

"ஆமா," என்றாள் மோரீன்.